ஏழு தோட்டத்து அங்கமுத்து

மேட்டூர்ல வெறும் அங்கமுத்துன்னு கேட்டீங்கன்னா, "எந்த அங்கமுத்து?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. "நல்லாருக்கோணும் அங்கமுத்து"ன்னு கேட்டுப் பாருங்க, அணை மேல உக்காந்திருக்கற காக்கா கூட வழி சொல்லும்.

ஏன்னா அந்த மனுசன் வாயில அந்த ஒரு வார்த்தைதானுங்க. தண்ணி குடுத்தா "நல்லாருக்கோணும்". தண்ணி குடுக்கலீன்னா, "பாவம், அவியளுக்கு என்ன சிரமமோ, நல்லாருக்கோணும்." ரோசா முள்ளு குத்துனா, "நல்லவேளை கையில குத்துச்சு, கண்ணுல குத்தல, நல்லாருக்கோணும் சாமி"ன்னு செடியைப் பாத்துக் கும்புடுவாரு. ஒருக்கா தேளு கொட்டிக் காலு மொடாப் பானை மாதிரி வீங்கிருச்சு. ஊரே பதறுது, இவரு மட்டும், "அதும் எத்தனை நாளைக்கு வெசத்தைச் சொமந்துக்கிட்டே திரியும்? என்ற காலுல எறக்கி வெச்சுதே"ங்கறாரு.

அவரு சம்சாரம் பெருமாயி தலையில அடிச்சுக்கும். "இந்த மனுசனைப் புலி முழுங்குனாக் கூட, உள்ள இருந்துக்கிட்டு நெழலு குளுகுளுன்னு இருக்குதும்பாருங்க"ங்கும்.

அவரு பாக்கற சோலி பூச்செடி பாக்கற சோலி. அதுக்கு அவரு வந்த கதையே ஒரு கூத்துங்க.

அணை கட்டற காலத்துல, எறும்புப் புத்துல வெல்லத்தைப் போட்டாப்பல சனம் வந்து குமிஞ்சுது. அங்கமுத்தும் பெருமாயியும் மண்ணு சொமக்க வந்தாங்க. "என்ற பொண்டாட்டி சொமந்த மண்ணைத் தனியாக் கொட்டியிருந்தா இன்னொரு சேர்வராயன் மலை நிக்கும்"பாரு அங்கமுத்து. "அப்ப நீங்க சொமந்தது?"ன்னு பெருமாயி கேக்கும். "அந்த மலை மேல நின்னு உன்னை வேடிக்கை பாத்தனல்ல, அது சொமையில்லையா?"ம்பாரு.

அணை முடிஞ்சுது. வந்த சனமெல்லாம் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. எஞ்சினியருங்க, ஓவர்சியருங்க மட்டும் பங்களா பங்களாவா இருந்துக்கிட்டாங்க. அதுல ஒரு எஞ்சினியரு சம்சாரம் வசந்தாமணியம்மா. நல்ல அம்மா, சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. அந்தம்மா ஒரு நாள் வெடியால நம்மாளைக் கூப்புட்டு, "அங்கமுத்து, ரோசாச் செடி ஒண்ணு வந்திருக்குது. இங்க ஒரு குழி எடுப்பா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.

குழின்னா நம்மாளுக்கு ஒரே குழிதானுங்க தெரியும், அணைக்கு எடுத்த குழி. இடுப்புல துண்டைக் கட்டுனாரு, மம்முட்டியை எடுத்தாரு, எறங்குனாரு. பொழுது உச்சிக்குப் போயி எறங்கற நேரத்துல அந்தம்மா வந்து பாத்தா, ஆளைக் காணம். பூமிக்குள்ள இருந்து மண்ணு மட்டும் பொக்கு பொக்குன்னு எகிறி வருது.

"அங்கமுத்து! எங்கப்பா இருக்கே?"

"கீழதானுங்கம்மா இருக்கறேன். இன்னும் பாறை தட்டுப்படலீங்க."

அந்தம்மா சிரிச்ச சிரிப்புல அணையில நின்ன தண்ணி ஒரு முழம் அலம்பிருச்சுன்னு சொல்லுவாங்க. "ஏப்பா, ரோசாவுக்கா அணை கட்டறே?"ன்னு கேட்டுட்டு, எல்லாத்தையும் மூடச் சொல்லுச்சு. ஆனா பாருங்க, அத்தனை ஆழத்துக்கு மண்ணு பொலபொலன்னு கெளறி விட்டதுல, அந்த ரோசா ஒரே வருசத்துல ஓடு மேல ஏறி நின்னுக்கிச்சு. பூ ஒவ்வொண்ணும் சோத்துத் தட்டம் தண்டி. அக்கம்பக்கத்துப் பங்களாக்காரங்க பாத்தாங்க. "எங்க ஊட்டுக்கும் வாப்பா, எங்க ஊட்டுக்கும் வாப்பா"ன்னு ஏழு ஊடு ஆயிப் போச்சு. சம்பள ஆளு இல்லீங்க. ஒருத்தருக்கும் கட்டுப்பட்டவரில்ல. அவரா போவாரு, அவரா வருவாரு, ஏழு ஊட்டுக்கும் மொறை வெச்சுப் பாத்துக்குவாரு. "என்ற முட்டாத்தனம் நல்லாருக்கோணும், அதுதான் எனக்கு இந்தச் சோறு போடுது"ன்னு அடிக்கடி சொல்லுவாரு.

வெடிஞ்சும் வெடியாம ஒரு சொம்பு கம்மங்கூழைக் குடிச்சுட்டு, மம்முட்டி ஒரு தோளுல, பூவாளி ஒரு கையில, இடுப்புல கத்திரின்னு கெளம்புனாருன்னா, சண்டைக்குப் போற ராசா தோத்துப் போவோணும். ஒவ்வொரு ஊடும் ஒவ்வொரு தினுசுங்க. ஓவர்சியரு ஒருத்தரு வேலிச் செடியை அணைச் சுவராட்டம் நேரா வெட்டோணும்பாரு. நூலைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிப்பாரு. ஒரு எலை நீட்டிக்கிட்டு இருந்தாப் போதும், அவருக்குச் சோறு எறங்காது. இன்னொரு ஊட்டுல பெரியநாயகின்னு ஒரு பெரியம்மா. "பூவு எதுக்கு, கொழம்புல போட முடியுமா?"ன்னு கேட்டு, குரோட்டன்சுக்கு நடுவால நைசா முருங்கக் குச்சியை ஊண வெச்சிரும். மகனுக்குத் தெரியாம அங்கமுத்துதான் அதுக்கும் தண்ணி ஊத்தோணும். அப்புறம் இந்தப் புல்லு இருக்குது பாருங்க, அது எல்லா ஊட்டுலயும் உண்டு. நல்ல அருகம்புல்லு. அதை நட்டு, தண்ணி காட்டி, பச்சப் பாயி விரிச்சாப்பல வளத்து, வளந்ததும் வெட்டி, வெட்டுனதைக் கொண்டு போய்ப் பின்னால குழியில கொட்டோணும். மாடு தின்னக் கூடாது, ஆடு தின்னக் கூடாது. "பின்ன எதுக்குங்க வளக்கறாங்க?"ன்னு பெருமாயி கேட்டா, "பாக்கறதுக்கு"ம்பாரு. "பாத்தா வயிறு ரொம்புமா?" "பாக்கறவங்களுக்கு ரொம்புதோ என்னமோ, அதை வளக்கறதுல நம்ம வயிறு ரொம்புதல்ல. புல்லு நல்லாருக்கோணும்."

இத்தனை நல்ல மனுசனுக்கும் ஒரு வெசனம் வந்துதுங்க. பொண்ணு வெசனம்.

ஒரே பொண்ணு, குஞ்சம்மாள். மேச்சேரிக் கோயில் நோம்பிக்குப் போயிருந்தாங்க. அங்கமுத்து, பங்களாவுல கீழ உழுந்த ரோசாவாப் பொறுக்கி, பொண்ணு தலையில ஒரு கூடை பூ வெச்சு உட்டிருந்தாரு. கூட்டத்துல நிக்கறப்ப பின்னால இருந்து யாரோ சடையைப் புடிச்சு இழுக்கறாங்க. இது திரும்பி அறையறதுக்குக் கையை ஓங்குனா, நிக்கறது ஒரு செம்மறிக் கெடா! தலையில இருந்த பூவுல பாதியைத் தின்னுபோட்டு, மீதியும் வேணும்னு நிக்குது. அது கவுத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு பையன், பேரு சண்முகவேலு, மூஞ்சி கத்திரிக்காயாட்டம் கறுத்துப் போயி நிக்கறான்.

"ஏனுங்க, ஆட்டுக்குச் சோறு போடறதில்லையா?"ன்னு குஞ்சம்மா கேட்டுச்சு.

"போடறமுங்க. ஆனா இத்தனை அழகா இதுவரைக்கும் போட்டதில்லைங்க"ன்னான் அந்தப் பையன்.

அவ்வளவுதானுங்க. கெடா தின்னது பூவை, மேய்க்கறவன் தின்னது மனசை. அன்னையில இருந்து குஞ்சம்மா ரோட்டுல ஆடு போனாச் சிரிக்குது, களி கிண்டறப்ப சிரிக்குது, சும்மா இருக்கறப்பவும் சிரிக்குது. வேற ரெண்டு எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. "வேண்டாம்"னு ஒரே வார்த்தை. அப்பன்காரனுக்குப் புரிஞ்சு போச்சு. இந்தச் சம்பந்தம் கூடி வரலீன்னா, பொண்ணு மொகத்துல அந்தச் சிரிப்பு நின்னு போகும். வாழ்க்கையில மொத மொதலா, "நல்லாருக்கோணும்"னு சொல்லிட்டு மேல பாத்து, "நல்லாருக்குமல்ல?"ன்னு கேட்டாரு.

வெத்தலை ஏவாரி தங்கமுத்து எல்லாச் சந்தைக்கும் போற ஆளு. அவங்கிட்ட விசியத்தைச் சொன்னாங்க. அவன் வாயி இருக்குதே, சும்மா வெத்தலையை மட்டும் மெல்லற வாயி இல்லீங்க. மேச்சேரிப் பக்கம் போயி, பையனோட அப்பன் பச்சமுத்துகிட்ட, "பொண்ணோட அப்பன் மேட்டூருல ஏழு தோட்டம் பாக்குறாருங்க"ன்னான். இங்க வந்து அங்கமுத்துகிட்ட, "மாப்பிள்ளை ஊட்டுல முன்னூறு ஆடு பாக்குறாங்க"ன்னான். ரெண்டுலயும் பொய்யே இல்ல பாத்துக்குங்க. அதுதான் அவங்கிட்ட இருக்கற சூது.

எங்க பக்கத்துல தோட்டம்னா என்னன்னு தெரியுமல்ல? கெணறு இருக்கோணும், மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓடோணும், மஞ்சளும் கரும்பும் வாழையும் நிக்கோணும். அதுதான் தோட்டம். மழைக்கு மானத்தைப் பாத்துக் கெடக்கற பூமிக்குக் காடுன்னு பேரு. ஒரு தோட்டம் இருந்தாலே ஊருல அவிய பண்ணாடி, பெரிய மனுசரு. ஏழு தோட்டம்னா? பச்சமுத்துக்கு அன்னைக்கு மயக்கமே வந்துருச்சாம். சம்சாரம் சின்னாயிதான் மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பி உட்டுதாம். ஒரு வெட்டவெளிக் காடும் ஆட்டுப் பட்டியும் வெச்சுக்கிட்டு, குடிக்கற தண்ணிக்கே ஒரு மைல் கல்லு தூரம் நடக்கற ஊடுங்க அது.

பங்குனியில ஒரு நல்ல நாளாப் பாத்து, ஒத்தமாட்டு வண்டியைப் பூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பச்சமுத்து, சின்னாயி, சண்முகவேலு, முன்னால உக்காந்துக்கிட்டு வழி காட்ட நம்ம தங்கமுத்து. வண்டியில பூட்டியிருந்த மயிலக்காளை எலும்பும் தோலுமா இருந்துது. அது மேல காக்கா உக்காந்தா ஒரு பக்கமாச் சாஞ்சிரும் போல.

அங்கமுத்து ஊடு ரெண்டு ஆளு குனிஞ்சு போற ஊடு. பச்சமுத்து பாத்தாரு. "பாருடி, ஏழு தோட்டத்துக்காரரு எத்தனை அடக்கமா இருக்காரு"ன்னு சம்சாரம் காதுல சொன்னாரு. பெருமாயி, ஒப்புட்டும் வடையும் சுட்டு வெச்சிருந்துது. "வாங்க, கை நனைங்க"ன்னு கூப்புட்டுது. சின்னாயி கையெடுத்துக் கும்புட்டு, "இருக்கட்டுமுங்க. பேச்சு முடியாம கை நனைக்கற வழக்கமில்லீங்களே. மொதல்ல தோட்டத்தைப் பாத்துட்டு வந்துர்றமுங்க"ன்னுது.

உங்களுக்குத் தெரியுமல்ல, சம்பந்தம் பேசப் போன எடத்துல ஒரு வாயி தின்னாலும் சரின்னு அர்த்தம். புடிக்கலீன்னா பச்சத்தண்ணி கூடத் தொடமாட்டாங்க.

அங்கமுத்துக்கு மனசு பூரிச்சுப் போச்சு. 'அடடா, நம்ம சோலியைப் பாக்கோணும்னு இத்தனை ஆசையா இருக்கறாங்களே! நல்லாருக்கோணும்'னு நெனச்சுக்கிட்டு, "வாங்க வாங்க, பக்கத்துலதான்"னு வசந்தாமணியம்மா பங்களாவுக்கே கூட்டிக்கிட்டுப் போனாரு. வண்டி பின்னாலயே வந்துது. மாட்டை அவுத்துப் பொறவாசல் பக்கம் புங்கமரத்துல கட்டுனாங்க. பெருமாயியும், எதுக்கும் இருக்கட்டும்னு பலகாரக் கூடையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வந்துது. பொண்ணு மட்டும் ஊட்டுலயே இருந்துது. சண்முகவேலு மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்ததுல ஒரு கல்லுல முட்டிக்கிட்டான்.

உள்ள நொழைஞ்சதும் பச்சமுத்து அப்படியே நின்னுட்டாரு. பங்குனி வெய்யில்ல ஊரெல்லாம் வெந்து கெடக்குது, இங்க பச்சப் பசேல்னு கெடக்குது.

"பண்ணாடி, இது என்ன பயிருங்க?"ன்னாரு.

தன்னை ஏன் பண்ணாடிங்கறாருன்னு அங்கமுத்துக்குப் புரியல. மரியாதை தெரிஞ்ச மனுசன்னு நெனச்சுக்கிட்டாரு. "புல்லுங்க."

"புல்லா! மாடு எத்தனை நிக்குதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"பின்ன இது யாருக்கு?"

"யாருக்குமில்லீங்க. சும்மா, பாக்கறதுக்கு."

பச்சமுத்து சம்சாரத்தைப் பாத்தாரு. பாக்கறதுக்கே இத்தனை புல்லு வளக்கறாருன்னா எத்தனை பெரிய கை! சின்னாயி கண்ணு ரெண்டும் ஆட்டு உரலாட்டம் விரிஞ்சுது. "கெணறு எங்கீங்க?"ன்னு கேட்டுச்சு.

"கெணறு இல்லீங்க. கொழாய்தான். திருகுனா அணைத் தண்ணி வருமுங்க."

"கவலை ஓட்டற சோலியே இல்லையா?"

"இல்லீங்களே."

"சாமி!"ன்னு பச்சமுத்து நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாரு. "இவியளுக்குன்னே தனியா அணை கட்டி உட்டிருக்கறாங்க சின்னாயி!"

தங்கமுத்து இதுக்குள்ள ஒரு மரத்துப் பின்னால போயி வெத்தலை போட ஆரம்பிச்சுட்டான்.

"இந்தப் பூவெல்லாம் எந்தச் சந்தைக்குங்க போகுது?"ன்னு சின்னாயி கேட்டுக்கிட்டே ஒரு ரோசாவுல கையை வெச்சுது.

"அய்யோ, பறிச்சுப் போடாதீங்க!"ன்னு அங்கமுத்து பதறுனாரு. "பறிச்சா அம்மா கோவிச்சுக்குமுங்க."

"எந்த அம்மா? உங்க சம்சாரமா?"

"நானெல்லாம் கோவிச்சுக்க மாட்டனுங்க"ன்னு பெருமாயி அப்பாவியாச் சொல்லுச்சு.

அந்த நேரம் பாத்து பங்களாக் கதவு தொறந்துது. வசந்தாமணியம்மா வந்துது. "யாரு அங்கமுத்து இவங்கெல்லாம்? நீ சாயங்காலம் ஓவர்சியரு ஊட்டுத் தோட்டத்துக்குப் போகோணுமே, மறந்துட்டியா?"

"இல்லீங்கம்மா, போறனுங்க. இவிய மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. தோட்டம் பாக்க வந்திருக்கறாங்க."

அந்தம்மா 'நீ'ங்குது, இவரு 'ங்கம்மா'ங்கறாரு. பச்சமுத்துக்கு நெஞ்சுல வெச்ச கை கீழ எறங்கிருச்சு.

"அங்கமுத்து"ன்னாரு. பண்ணாடி போயிருச்சு பாத்தீங்களா? "நெசமாச் சொல்லுங்க. இது யாரு தோட்டம்?"

மரத்துப் பின்னால இருந்து தங்கமுத்து கண்ணைச் சிமிட்டறான், கையை ஆட்டறான், தலையை ஆட்டறான், காத்துல அடிபட்ட பனைமரமாட்டம் ஆடறான். 'ஏதாச்சும் சொல்லிச் சமாளிங்க'ன்னு அர்த்தம். அங்கமுத்துக்கு அப்பத்தான் விசியம் மண்டையில ஏறுச்சு. பண்ணாடின்னது, கெணறு கேட்டது, அணை கட்டி உட்டதுன்னது, எல்லாம் ஒண்ணொண்ணா வந்து உக்காந்துது. குஞ்சம்மா சிரிக்கற மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா அந்தச் சிரிப்பு நிலைக்கும். அம்மாவும் நானும் கூட்டுன்னு சொல்லலாம், குத்தகைன்னு சொல்லலாம்.

ரோசாவைப் பாத்தாரு.

"அவிய தோட்டமுங்க. ஏழும் அவிய அவிய தோட்டமுங்க. நான் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறவன். தோட்டக்காரனுங்க நான். தோட்டத்துக்காரன் இல்லீங்க. நடுவால ஒரு 'த்து' இருக்குது பாருங்க, அது எங்கிட்ட இல்லீங்க. என்ற பேருல கடைசியில ஒண்ணு இருக்குது, அதோட சரி."

யாரும் சிரிக்கல. சின்னாயிதான் மொதல்ல வாயைத் தொறந்துது. "ஏழு தோட்டம்னு சொல்லி, திங்காத புல்லையும் பறிக்காத பூவையும் காட்டறீங்களா? எந்திரிங்க போலாம்"னுது. அல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா கோவத்துல அதுக்குத் தெரியல. சண்முகவேலு, "ஆத்தா, ஒரு நிமிசம்"னான். "நீ சும்மா இருடா"ன்னுச்சு.

விறுவிறுன்னு பொறவாசல் பக்கம் போனாங்க. போயிப் பாத்தா, புங்கமரம் இருக்குது, கவுறு இருக்குது, மாட்டைக் காணம்.

மாடு எங்க போகும்? அங்கமுத்து வெட்டுன புல்லையெல்லாம் கொட்டற குழி இருக்குதுன்னு சொன்னனல்ல? அன்னைக்கு வெடியால வெட்டுனது, பச்சையா, தலைக்கு மேல குமிஞ்சு கெடக்குது. மயிலக்காளை அதுக்குள்ள கழுத்து வரைக்கும் போயி நிக்குது. கொம்பு மட்டும்தான் வெளிய தெரியுது. அது பொறந்த நாள்ல இருந்து பங்குனியில பச்சையைப் பாத்ததில்லீங்க. பச்சமுத்து கூப்புட்டாரு. காதை ஆட்டுச்சு. இழுத்தாரு. வாலை ஆட்டுச்சு. சண்முகவேலு ஒரு பக்கம், தங்கமுத்து ஒரு பக்கம், பச்சமுத்து பின்னால நின்னு தள்ளறாரு. அணையைத் தள்ளுனாக்கூட அரை வெரலு அகலம் நகுந்திருக்கும், அது நகுரல. கண்ணை மூடிக்கிட்டு மென்னுக்கிட்டே இருக்குது.

"உடுங்க, வயிறு ரொம்புனதும் வரட்டும், பாவம்"னு அங்கமுத்து ஓடி வந்தாரு. "அதும் நம்மளாட்டம்தான. நல்லாருக்கோணும்." சம்பந்தம் முறிஞ்ச எடத்துலயும் அந்த வார்த்தை வந்துருச்சு பாருங்க. பூவாளியில தண்ணி கொண்டாந்து மாட்டுக்கு வெச்சாரு. பொறவு ஒரு சொம்புல பச்சமுத்துக்குக் கொண்டாந்தாரு. பச்சமுத்து வாங்காம நின்னாரு.

மாடு எப்ப முடிக்கும்னு யாருக்கும் தெரியல. வண்டி அது இல்லாமப் போகாது. வெய்யிலு தீயாட்டம் காயுது. மெல்ல அல்லாரும் புங்கமரத்து நெழல்ல வந்து உக்காந்தாங்க, மொகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கிட்டு.

பெருமாயிக்குத்தான் வாயி சும்மா இருக்காது. "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னூறு ஆடு வெச்சிருக்கறீங்க, இந்த ஒத்த மாட்டுக்கு ஒரு கைப்புல்லு போடக்கூடாதுங்களா?"

சின்னாயி டக்குனு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பச்சமுத்து, எங்கியோ தூரத்துல மலையைப் பாக்க ஆரம்பிச்சாரு. சண்முகவேலு எந்திரிச்சான். அங்கமுத்துகிட்ட நேரா வந்து நின்னான்.

"மாமா"ன்னான். அந்த வார்த்தைக்கே பெருமாயி கூடையைக் கீழ எறக்கி வெச்சிருச்சு. "ஆடு முன்னூறும் எங்களுதில்லீங்க. ஊரு ஆடுங்க. நாங்க பாத்துக்கறோம், மேய்ச்சுட்டு வந்து அவிய அவிய பட்டியில அடைக்கறோம். எங்களுதுன்னு ஒரு முப்பது இருந்தாப் பெருசுங்க. நீங்க நெசத்தைச் சொன்னீங்க, நாங்க சொல்லாம வண்டி ஏறுனா நல்லாருக்காதுங்க."

அப்புறம் அல்லாருமாத் திரும்பித் தங்கமுத்தைப் பாத்தாங்க.

"ஏன்டா"ன்னாரு பச்சமுத்து.

"நான் என்னங்க பொய்யா சொன்னேன்?"ன்னு தங்கமுத்து பாக்கை ஒதுக்கிக்கிட்டுக் கேட்டான். "அவிய ஏழு தோட்டம் பாக்குறாங்கன்னேன். பாக்குறாங்கல்ல? நீங்க முன்னூறு ஆடு பாக்குறீங்கன்னேன். பாக்குறீங்கல்ல? யாருதுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

வசந்தாமணியம்மா இத்தனை நேரமும் பின்வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்துது. அதுக்கு மேல அந்தம்மாவால முடியல. ரோசாக் குழி அன்னைக்குச் சிரிச்சது ஒரு சிரிப்பே இல்ல, இதுதான் சிரிப்பு. தூணைக் கட்டிக்கிட்டுச் சிரிக்குது. அதைப் பாத்துப் பெருமாயி சிரிச்சுது, பச்சமுத்து சிரிச்சாரு. சின்னாயி மட்டும் சிரிக்கக் கூடாதுன்னு முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டுது. ஆனா தோளு ரெண்டும் குலுங்கறதை எங்க கொண்டு போயி மறைக்கறது?

"அந்தப் புல்லை நாங்க குழியிலதான கொட்டறோம்"னுச்சு அம்மா, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு. "மாடு தின்னது போக வேணுங்கறதை வண்டியில போட்டுக்கிட்டுப் போங்க. எப்ப வேணாலும் வந்து எடுத்துக்குங்க."

"ஏழு ஊட்டுலயும் இதே கதைதானுங்க. கேட்டு வாங்கி வெக்கறேன்"னாரு அங்கமுத்து. பொறவு சட்டுனு நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "சம்பந்தத்துக்காகச் சொல்லலீங்க. அது எப்படி ஆனாலும் ஆடு ஆடுதான, திங்கட்டுமுங்க"ன்னாரு.

பச்சமுத்து குழியைப் பாத்தாரு. மாடு இன்னும் தலையைத் தூக்கல. "சின்னாயி"ன்னாரு மெதுவா. "நாம கை நனைக்கலீன்னா என்ன? நம்ம மாடு நனைச்சிருச்சே."

"மாடு நனைச்சாக் கணக்காகுமா?"ன்னு சின்னாயி விறைப்பாக் கேட்டுச்சு.

"ஏனுங்க, அதும் உங்க ஊட்டுல சேத்திதான?"ன்னு பெருமாயி விட்டுச்சு ஒரு போடு. "கையை மட்டுமா நனைச்சுது? கழுத்து வரைக்கும் நனைச்சிருச்சு!"

சின்னாயி முந்தானையை உட்டுட்டுச் சிரிச்சுது. அப்புறம் கூடைக்குள்ள கையை உட்டு ஒரு ஒப்புட்டை எடுத்து, பாதியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, "இனிப்பு கொஞ்சம் கம்மி"ன்னுது. மாமியாரு ஆயிருச்சுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

அன்னைக்குத்தான் அங்கமுத்து வாயில அந்த 'நல்லாருக்கோணும்' வரல. குழிக்கிட்டப் போயி மாட்டுக் கழுத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டே நின்னாரு. மம்முட்டி புடிச்சுக் காச்சுப் போன கையி. அந்தக் கையிக்கு ஒரு சாண் மண்ணு சொந்தமில்ல. ஏழு ஊட்டு மண்ணுலயும் அந்தக் கையி பட்ட எடம் பச்சையா இருக்குது. இது போதும்னு அவருக்குத் தோணுச்சு. போதும்கறதுக்கு மேலயே இருக்குதேன்னு தோணுச்சு.

வைகாசியில கண்ணாலம். ஏழு ஊட்டு அம்மாமாரும் வந்தாங்க. ஓவர்சியரு நூலோட வந்து, வாழைமரம் ரெண்டும் நேரா நிக்குதான்னு பாத்துட்டுத்தான் சாப்புட உக்காந்தாரு. பெரியநாயகியம்மா முருங்கக்காய் ஒரு கட்டு குடுத்துச்சு. அங்கமுத்து, மாப்பிள்ளைக்குப் போடறதுக்கு முன்னால மயிலக்காளைக்கு ஒரு ரோசா மாலை போட்டாரு. "ஏனுங்க, மாட்டுக்கா மொத மரியாதை?"ன்னு கேட்டவங்ககிட்ட, "மொதல்ல சம்மதம் சொன்னது அவியதான?"ன்னாரு. அவிய அந்த மாலையையும் நின்ன எடத்துலயே தின்னுபோட்டாங்க.

மேச்சேரிப் பக்கம் அவரை இன்னைக்கும் ஏழு தோட்டத்து அங்கமுத்துன்னுதான் கூப்புடறாங்க. மொதல்ல கேலிக்குச் சொன்னாங்க, இப்ப பழகிப் போச்சு. சந்தைக்குச் சந்தை வண்டி வருது, ஏழு ஊட்டுப் புல்லையும் ஏத்திக்கிட்டுப் போகுது. குஞ்சம்மாவும் அதுலதான் வந்து ஆத்தா அப்பனைப் பாத்துட்டுப் போகுது. அந்தச் சிரிப்பு இன்னும் நிக்கல.

ஓட்டற ஆளே வேண்டாமுங்க. மேட்டூரு ரோட்டுக்கு வந்துட்டா மயிலக்காளை தானா வேகத்தைக் கூட்டிக்குது. பங்களாப் பொறவாசல்ல வந்து நின்னுக்கிட்டு, பண்ணாடி ஊட்டு விருந்தாளியாட்டம் தலையை நிமித்திக்கிட்டுக் கத்துது. அது அங்கமுத்து தோட்டம் இல்லைன்னு அதுகிட்ட மட்டும் இன்னும் யாரும் சொல்லல.